மலையகத் தோட்டங்களில் ஆங்கில மருத்துவச் சொற்கள்: மூலமும் பொருளும்

ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொற்கள் செல்லும்போது அவை தனியே செல்வதில்லை. அவை வழங்கிய நிறுவனங்களும், அந்நிறுவனங்களில் நிலவிய அதிகார உறவுகளும் உடன் செல்கின்றன. இலங்கையின் மத்திய மலைநாட்டில், குறிப்பாக நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், உடல்நலம் பற்றி வழங்கும் ஆங்கிலச் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி, அப்போதிக்கரி, டொக்டர், நேர்ஸ் முதலிய சொற்கள் எழுத்தறியாத முதியோர் நாவிலும் இயல்பாக வழங்குவன. ஆயின் அவற்றின் மூலப்பொருள் யாது, அவை மலையேறி வந்த வழி யாது, தோட்டத்தில் அவை பெற்ற பொருள் யாது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இக்கட்டுரையில் அவ்வினாக்களை நாம் சுருக்கமாக ஆராய முற்படுகின்றோம்.

எமது கருத்தை முதலிலேயே கூறிவிடலாம். நலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றின் அடியில் முழுமை, விருந்தோம்பல், ஊட்டிவளர்த்தல், உடனிருத்தல் ஆகிய மனித உறவுகள் உறைந்து கிடக்கின்றன. பெருந்தோட்ட அமைப்பினுள் அச்சொற்கள் நுழைந்தபோது இவ்வுறவுகள் உதிர்ந்து, எண்ணுதல், நிறுத்தல், தடுத்துவைத்தல் என்னும் நிருவாகச் செயல்களே எஞ்சின. அவ்வாறு உதிர்ந்த பொருள்களுட் சில, தோட்ட மக்களின் சொந்தத் தமிழ்ச் சொற்களில் இன்றும் உயிர்வாழ்கின்றன.

முழுமையும் அரைப்பேரும்

‘ஹெல்த்’ என்னும் சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். பழைய ஆங்கிலத்தில் ‘ஹால்’ என்பது முழுமையானது, சிதைவற்றது எனப் பொருள்படும். அதனடியாகவே நலத்தைக் குறிக்கும் ‘ஹெல்த்’, குணப்படுத்துதலைக் குறிக்கும் ‘ஹீல்’, முழுமையைக் குறிக்கும் ‘ஹோல்’, புனிதத்தைக் குறிக்கும் ‘ஹோலி’ ஆகிய நான்கும் பிறந்தன. எனவே ஒருவரைக் குணப்படுத்துதல் என்பது அவரை மீண்டும் முழுமையாக்குதல் என்பதே அம்மொழியின் தொன்மையான கருத்து.

தோட்டத்திலோ முழுமைக்கு வேறோர் அளவுகோல் இருந்தது. விடியற்காலையில் தொழிலாளர் கூடும் இடம் பெரட்டுக்களம் எனப்படும். அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே பெரட்டு எனத் திரிந்தது. அங்கு ஆட்கள் எண்ணப்பட்டு வேலைக்குப் பிரிக்கப்படுவர். ஒருநாள் வேலை ‘பேர்’ என்று செக்ரோலிற் பதியப்படும். விதிக்கப்பட்ட அளவு கொழுந்து எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர் விழும். காய்ச்சலோடு மலையேறி, நண்பகலில் தளர்ந்துபோனவளின் உடல்நிலையைப் பதிவேடு அறிந்துகொள்ளும் முறை இதுவே. முழுமை உடலின் இயல்பாகக் கொள்ளப்படாமல் உழைப்பின் விளைவாகக் கணிக்கப்பட்டது. அரைப்பேர் என்னும் சொல், மனிதரைப் பாதியாக்கும் ஓர் அமைப்பைத் தொழிலாளரே இனங்கண்டு பெயரிட்டதற்கு அடையாளமாகும்.

நோயைக் குறிக்கும் ‘டிசீஸ்’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. அது ‘ஈஸ்’ என்பதன் எதிர்மறை. பழைய பிரெஞ்சு மொழியில் அதன் மூலச்சொல் நிம்மதியையும், கைகால் அசைக்கப் போதிய இடவசதியையும் குறித்தது. ஆகவே ‘டிசீஸ்’ என்பது சொல்லமைப்பில் எமது ‘சுகயீனம்’ என்பதற்கு நேரானது. தோட்டத்தில் ‘சொகமில்லை’ என்றும் ‘மேலுக்கு முடியவில்லை’ என்றும் கூறுவர். மேல் என்பது ஈண்டு உடம்பைக் குறிக்கும். இடவசதியின்மையே நோய் என்னும் பழம்பொருள் லயன் அறையை நோக்குவார்க்கு நன்கு விளங்கும். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்தது. இருமல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவதற்கு இதனினும் வாய்ப்பான ஏற்பாடு வேண்டியதில்லை.

நல்ல காற்றும் கெட்ட காற்றும்

நுவரெலியா நகரின் தோற்றமே ஒரு மருத்துவச் சொல்லோடு பிணைந்தது. ஆளுநர் எட்வேட் பான்ஸ் 1820களின் இறுதியில் அதனைப் பிரித்தானியப் படையினரும் அதிகாரிகளும் நோய்நீங்கி உடல் தேறுவதற்கான ‘சனற்றோரியம்’ ஆக உருவாக்கினார். குணப்படுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்த சொல் அது. நலமுடையது என்னும் பொருள்தரும் ‘சானுஸ்’ என்பது அதன் வேர். 1840களில் காய்ச்சலால் நலிந்த சாமுவேல் பேக்கர் அங்கு வந்து உடல் தேறினார். பின்னர் அங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை நிறுவ முயன்று, அவ்வனுபவங்களை நூலாகவும் எழுதினார்.

அக்கால ஐரோப்பிய மருத்துவம், சதுப்பு நிலத்து நச்சாவியே காய்ச்சலைத் தோற்றுவிப்பது என நம்பியது. ‘மலேரியா’ என்னும் இத்தாலியச் சொல்லின் பொருள் ‘கெட்ட காற்று’ என்பதே. இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை லாவெரான் கண்டது 1880இல். நுளம்பின் பங்கை ரொனால்ட் ரொஸ் செகந்திராபாத்தில் நிறுவியது 1897இல். அதற்கு முன்னர் உயர்ந்த மலையின் குளிர்காற்றே மருந்தாகக் கருதப்பட்டது. காரணம் பிழையாயினும் பயன் மெய்யாயிற்று. குளிர்மிக்க உயரத்தில் அந்நுளம்பு பெருகுவதில்லை.

பான்சும் பேக்கரும் நல்ல காற்றை நாடி மலையேறிய அதே காலப்பகுதியில், தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் நீரின்மையும் அவ்வழியிற் பலரைப் பலிகொண்டன. ஒரு சாரார்க்கு மலை உடல்தேறும் இடம். மற்றொரு சாரார்க்கு மலையை அடைவதே உயிர்ப்போராட்டம். ஒரே நிலப்பரப்பு இருவேறு வர்க்கத்தினருக்கு இருவேறு பொருள் தந்தது.

நாற்பது நாட்களும் மண்டபமும்

கோப்பிச் செடியில் 1869இல் தோன்றிய இலைநோய் அப்பயிர்ச்செய்கையை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைச் செய்கை அதனிடத்தைப் பிடித்தது. கோப்பி பருவகால உழைப்பை வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டியது. எனவே ஆட்கள் வருகை ஒழுங்குபடுத்தப்பட்டது. அதனோடு வந்த சொல் ‘குவாரண்டைன்’.

கொள்ளைநோய்க்கு அஞ்சிய மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் இச்சொல் பிறந்தது. இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகுசா நகரம், நோய்கண்ட இடங்களிலிருந்து வருவோரை 30 நாட்கள் புறத்தே நிறுத்தும் விதியை 1377இல் இயற்றியது. பின்னர் அக்காலவெல்லை 40 நாட்களாக நீண்டது. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே நோய்த்தடுப்புக் காவலுக்குப் பெயராயிற்று. நாட்களின் எண்ணிக்கை பின்னர் மாறியபோதும் எண்ணுப்பெயர் நிலைத்துவிட்டது.

இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம் இச்சொல்லின் தமிழ்நாட்டு வடிவம் எனலாம். இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டோர் அங்குச் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற்சேவை தொடங்கியபின் இவ்வழியே முதன்மை பெற்றது. தொற்றுநோய் தடுத்தல் தேவையான செயலே என்பதில் ஐயமில்லை. ஆயின் கப்பலேறுபவரின் வகுப்பை நோக்கியே காவலின் கடுமை அமைந்தது என்பதை மறத்தலாகாது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின்னர்த் தாயகம் திரும்பியோர் எனப்பட்ட மலையக மக்களை வரவேற்றதும் அதே மண்டபம் முகாமே. பின்னர் இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கியதும் அங்கேயே. 2020இல் உலகெங்கும் கொவிட் நோய் பரவியபோது ‘தனிமைப்படுத்தல்’ என்னும் தமிழாக்கம் பரவலாக வழங்கியது. லயன் குடியிருப்பில் தனிமை என்பதே இல்லாதவிடத்து அச்சொல் எவ்வாறு நடைமுறைப்படும் என்னும் வினா அப்போது கூர்மையாக எழுந்தது.

விருந்தினரும் நிறுத்துக் கொடுத்தலும்

ஆஸ்பத்திரி என்பது ‘ஹொஸ்பிற்றல்’ என்னும் சொல் தமிழ் நாவிற்கேற்பத் திரிந்த வடிவம். அதன் இலத்தீன் மூலமான ‘ஹொஸ்பெஸ்’ விருந்தினரையும் விருந்தோம்புபவரையும் ஒருங்கே குறித்தது. ‘ஹோட்டல்’, ‘ஹொஸ்டல்’ என்பனவும் அதன் வழிவந்தவை. பகைமையைக் குறிக்கும் ‘ஹொஸ்டைல்’ என்பதும் அதற்கு உறவுடைய வேரினின்றே தோன்றியது. அவ்வேர் முதலில் அந்நியரைக் குறித்தது. வந்தவர் அந்நியர், அவரை ஏற்றால் விருந்தினர், மறுத்தால் பகைவர். தமிழில் விருந்து என்பதன் பழம்பொருள் புதுமை என்பது தொல்காப்பியம் பயின்றோர் அறிந்ததே. புதிதாக வந்தவரே விருந்து ஆயினர். இரு மொழிகளும் ஒரே அனுபவத்தைத் தனித்தனியே கண்டறிந்துள்ளமை வியத்தற்குரியது.

இப்பொருளை மலையக வரலாற்றோடு பொருத்திப் பார்ப்போமாயின் ஒரு கசப்பான உண்மை புலப்படும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தலைமுறைகளாக அம்மண்ணில் உழைத்த மக்களை நாடற்றவராக்கியது. அவர்கள் விருந்தினராகவும் கொள்ளப்படவில்லை. விருந்தோம்பும் உரிமையுடைய வீட்டாராகவும் கொள்ளப்படவில்லை. எஞ்சியோருக்கான குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே வழங்கப்பட்டது. 2017 மே மாதத்தில் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. வைத்தியசாலை என்பது குடிமக்களின் உரிமையா, புறத்தார் அளிக்கும் உபகாரமா என்னும் வினாவுக்கு இந்நீண்ட வரலாறே பின்புலமாகும்.

டிஸ்பென்சரி என்னும் சொல்லின் மூலம் இன்னும் வெளிப்படையானது. நிறுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாக அது பிறந்தது. நிறுத்துப் பகிர்ந்தளிக்கும் இடம் என்பதே அதன் பொருள். ‘பென்சன்’ என்பதும் செலவைக் குறிக்கும் ‘எக்ஸ்பென்ஸ்’ என்பதும் அவ்வினைக்கு உறவானவையே. பண்டைக் காலத்தில் பணமும் நிறுத்தே கொடுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் வாழ்வில் இரு தராசுகள் உண்டு. ஒன்று கொழுந்து மடுவத்திலுள்ளது. மற்றொன்று மருந்து கொடுக்கும் இடத்திலுள்ளது. முன்னையது அவர் கொடுப்பதை நிறுக்கும். பின்னையது அவர் பெறுவதை நிறுக்கும். இவ்விரண்டும் ஒரே நிருவாகத்தின் கையில் இருந்தமை தோட்ட மருத்துவத்தின் அடிப்படை முரண்பாடாகும்.

1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் சட்டம், லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல், நோயுற்றோரைக் கவனித்தல் முதலியவற்றைத் தோட்டத்துரையின் கடமைகளாக்கியது. நோய் தீர்க்கும் பொறுப்பு உழைப்பைப் பெறுபவரிடமே ஒப்படைக்கப்பட்டதன் விளைவு, நோயாளி உண்மையில் நோயாளியா அன்றி வேலைக்குக் கள்ளமிடுபவரா என்னும் ஐயமே முதற் சோதனையாக அமைந்தமையாகும்.

அப்போதிக்கரி என்பதும் இத்தொடர்பில் நோக்கற்பாலது. ‘அப்பொதேக்கே’ என்னும் கிரேக்கச் சொல் பண்டசாலையைக் குறித்தது. அது ஆங்கிலத்தில் மருந்து கலந்து கொடுப்பவரின் பெயராயிற்று. அதே கிரேக்கச் சொல் போர்த்துக்கேயர் வாயிலாகத் திரிந்து, இலங்கை ஆங்கிலத்தில் சிறுகடையைக் குறிக்கும் ‘பூட்டீக்’ ஆயிற்று. கொழும்பில் ‘அப்போதிக்கரிஸ்’ என்னும் பெயரில் இயங்கிய நிறுவனம் பல்பொருள் விற்பனை நிலையமாக விளங்கியமையும் நினைவுகூரத்தக்கது. மருந்தும் கடைச்சரக்கும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள் என்பதை ஹற்றன் கடைவீதியில் காய்ச்சல் மருந்துக்குக் கைக்காசு கொடுப்பவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

வருந்துவோரும் உடனிருப்போரும்

நோயாளியைக் குறிக்கும் ‘பேஷன்ட்’ என்பதற்குத் துன்பம் தாங்குபவர் என்பது பொருள். பொறுமையைக் குறிக்கும் ‘பேஷன்ஸ்’ அதன் உடன்பிறப்பு. ஈழத்துத் தமிழில் நோயை ‘வருத்தம்’ என்பது இதற்கு ஒப்பாகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவரலின் நிலைக்களன்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினைக் கூறும். அங்குப் பிணியும் வருத்தமும் வேறுவேறு. ஈழத்து வழக்கிலோ அவை ஒன்றாயின. நோயை உடலின் கேடாக மாத்திரம் நோக்காது, பட்டு அனுபவிக்கும் துன்பமாக நோக்கும் பார்வை இதில் வெளிப்படுகிறது.

‘டொக்டர்’ என்பதற்குக் கற்பிப்பவர் என்பதே இலத்தீன் வழிப் பொருள். இப்பொருளை மெய்ப்பித்தவருள் ஒருவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன். 1847இல் இலங்கை வந்த அவர், 1860களில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். வடக்கில் இம்முயற்சி நடைபெற்ற அதே காலத்தில் மலைநாட்டில் மருத்துவம் துரையின் மொழியிலேயே வந்தது. தமிழ் பேசிய நோயாளிக்கு மருந்து கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை.

‘நேர்ஸ்’ என்பது ஊட்டிவளர்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிலிருந்து வந்தது. போசாக்கைக் குறிக்கும் ‘நியூட்ரிஷன்’ அதன் உறவுச்சொல். முதலில் அது பிறர் குழந்தைக்குப் பாலூட்டும் தாயைக் குறித்தது. சங்க இலக்கியத்துச் செவிலித்தாய் இன்று தமிழகத்தில் செவிலியர் ஆனமையும் இதே வழியே. ‘மிட்வைஃப்’ என்பதில் முதலுறுப்பு ‘உடன்’ என்றும் இரண்டாமுறுப்பு ‘பெண்’ என்றும் பொருள்படும். பிரசவிப்பவளோடு உடனிருப்பவள் என்பது கருத்து. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக ‘உழைச்செல்வான்’ என்பவனைக் குறிப்பிடும். உழை என்பது பக்கம். நோயுற்றவர் பக்கத்தே நின்று பேணுபவனும் மருத்துவத்தின் நாற்கூறுகளுள் அடங்குவான் என்பது அக்கருத்து. லயத்தில் அப்பணியைச் செய்தவள் மருத்துவச்சி. அவளுக்குச் சான்றிதழ் இல்லை. ஆயின் உடனிருத்தல் இருந்தது. தூய்மை பற்றிய அறிவு அவளுக்குக் கிடைக்காமையால் நேர்ந்த இழப்புகளை நாம் மறைக்கவேண்டியதில்லை. அவளைப் பயிற்றுவதும், பயிற்சி பெற்ற மருத்துவமாதை அவளைப்போல் அருகிருக்கச் செய்வதுமே தேவையாயிருந்தன.

ஒரே வேரின் இரு கிளைகள்

இவ்வாராய்ச்சியில் மிக முக்கியமானதாக நாம் கருதும் சொற்கள் இரண்டு. முன்னர்க் கூறிய ‘சனற்றோரியம்’ ஒன்று. சுகாதார ஏற்பாட்டைக் குறிக்கும் ‘சனிற்றேஷன்’ மற்றொன்று. இரண்டும் ‘சானுஸ்’ என்னும் ஒரே வேரின் கிளைகள். முதலாவது துரைமாருக்காக நுவரெலியாவில் 1820களிலேயே எழுந்தது. இரண்டாவது, அதாவது மலசலகூடமும் தூய குடிநீரும், லயங்களை அடைய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. சில இடங்களில் இன்றும் நிறைவாக அடையவில்லை.

இதன் விளைவைக் கொழுக்கிப் புழு நோயிற் காணலாம். அதன் அறிவியற்பெயர் ‘வளைந்த வாய்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களாலானது. மலங்கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்து அப்புழு உட்புகும்; குடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சும். ‘அனீமியா’ என்பதற்குக் குருதியின்மை என்பதே நேர்ப்பொருள். தமிழிற் சோகை என்பர். சோகையுற்றவர் விரைவிற் களைப்பர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இப்புழுவை ‘சோம்பலின் கிருமி’ எனப் பத்திரிகைகள் எழுதின. தோட்டங்களிலும் குருதி இழந்தவரே சோம்பேறி என ஏசப்பட்டனர். 1916ஆம் ஆண்டளவில் ரொக்பெல்லர் அறநிலையத்தின் ஆதரவில் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மருந்து புழுவை வெளியேற்றியது. ஆயின் மலசலகூடமும் காலணியும் இல்லாதவிடத்து அதே மண் மீண்டும் நோயைத் தந்தது. நோயின் முதற்காரணத்தை நாடவேண்டும் என்னும் வள்ளுவர் நெறி, ஈண்டுப் புழுவோடு நின்றுவிடாது, நிலவுடைமையும் குடியிருப்பும் வரை செல்லவேண்டியதாகிறது.

முடிவுரை

அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் தமிழுக்குப் பெருந்தொண்டாற்றின. 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் மலைநாட்டு வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளியின் பதிவேடு ஆங்கிலத்திலும், உரையாடல் சிங்களத்திலும், வலி தமிழிலும் இருக்கும் நிலை நீடிக்கிறது. மருந்தை உணவுக்கு முன் உண்பதா பின் உண்பதா என்பது விளங்காமல் வீடு திரும்புபவருக்குச் சட்டத்தின் மொழியுரிமையால் யாது பயன்?

ஆகவே எமது பரிந்துரை எளியது. மலையக மக்களுக்கான மருத்துவச் சொற்றொகுதி ஒன்று தேவை. அது அகராதிகளிலிருந்து தொடங்காமல் லயத்திலிருந்து தொடங்கவேண்டும். ‘சொகமில்லை’ என்பவர் எதனை உணர்த்துகிறார், ‘மேலுக்கு முடியவில்லை’ என்பதன் எல்லை யாது என்பன வழக்கிலிருந்தே திரட்டப்பட்டு, வைத்தியரும் தாதியரும் மொழிபெயர்ப்பாளரும் கற்கும் பாடமாகவேண்டும். தமிழ் பேசும் மருத்துவமாதர் தோட்டந்தோறும் நியமிக்கப்படவேண்டும். ஆஸ்பத்திரி, டொக்டர் போன்ற சொற்களைத் தமிழிலிருந்து நீக்குதல் எமது நோக்கமன்று. அவை இன்று மக்களின் சொற்கள். அச்சொற்களுள் உறங்கும் விருந்தோம்பலையும் விளக்கமளித்தலையும் நடைமுறையிற் கோரும் உரிமை அவற்றை வழங்கும் மக்களுக்கு உண்டு என்பதே நாம் கூறவிழைவது. நலம் என்பது முழுமை என்னும் பழம்பொருள், அரைப்பேர் விழாத ஊதியத்திலும், இடமுள்ள வீட்டிலும், விளங்கும் மொழியிற் கிடைக்கும் மருத்துவத்திலும் நிறைவேறவேண்டியதாகும்.